கடல் தாண்டிய கூலி

கரோனா பொது முடக்கம் அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் மாத இறுதியில், தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் சூரத்திலிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் சொந்த ஊர் நோக்கி நடந்த கூலித் தொழிலாளர்களை நாடே பார்த்தது. அப்படி நடப்பதற்குக்கூட வழியில்லாதவர்கள் இருந்தார்கள் என்பது அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கட்டட வேலைக்கும் சாலைப் பணிக்கும் சென்றிருந்தவர்களுக்கும் அவர்களது ஊருக்கும் இடையே இருந்தது சாலையல்ல; ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அதிகமான வங்கக் கடல்.

அமைப்புசாராத் தொழிலாளர்களின் துயரம் எல்லா இடங்களிலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. திருப்பூரிலோ, லூதியானாவிலோ ஏமாற்றப்படும் தொழிலாளி, போனது போகட்டும் என்று இரவோடு இரவாக ரயிலேறிவிடலாம். தீவில் அது இயலாது. சென்னைக்கோ, கொல்கத்தாவுக்கோ, விசாகப்பட்டினத்துக்கோ கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள் பிடிக்கும். தீவுவாசிகளுக்கான கட்டணச் சலுகை பிழைக்க வந்தவருக்குக் கிடையாது. கப்பல் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்து அழைத்து வந்த மேஸ்திரி, கணக்குத் தீரும்வரை கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டால், பாவம், அந்தத் தொழிலாளி என்ன செய்வார்? வேலையை உதறிவிட்டுப் போவதுதான் ஏழைத் தொழிலாளியின் கடைசி ஆயுதம். தீவில் அந்த ஆயுதமும் பறிபோய் விடுகிறது.

1970-களின் தொடக்கத்தில், கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களை ஆராய்ந்த கீத் ஹார்ட் என்கிற பிரிட்டிஷ் மானுடவியல் அறிஞர்தான், அரசின் பதிவேட்டில் இடம்பெறாத இந்த உழைப்புக்குத் தனிப் பெயர் சூட்டியவர். 1972-இல் கென்யா குறித்த அறிக்கையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அந்தச் சொல்லை எடுத்தாண்டது. அதே அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 200 கோடிப் பேர், அதாவது வேலை செய்வோரில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர், இப்படித்தான் பிழைக்கிறார்கள். இந்தியாவில் இந்த விகிதம் மேலும் அதிகம். 2004-இல் அமைக்கப்பட்ட அர்ஜுன் சென்குப்தா ஆணையம், பத்தில் ஒன்பது தொழிலாளர்களுக்கு மேல் எந்தவிதப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் என்று கண்டறிந்தது. மக்கள்தொகையில் 77 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு 20 ரூபாய்கூடச் செலவு செய்ய இயலாத நிலையில் இருப்பதாக 2007-இல் அது அளித்த அறிக்கை அன்று நாட்டையே அதிரவைத்தது.

அந்தமானில் இந்தக் கதைக்கு வயது அதிகம். 1858-இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய தீவுகள் அவை. செல்லுலார் சிறையைக் கட்டியவர்களே கைதிகள்தான். கைதிகளின் உழைப்பு போதாதபோது, 1918 முதல் சோட்டா நாகபுரி பீடபூமியிலிருந்து ஓராவ்ன், முண்டா, கரியா பழங்குடியினர் காடு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக அழைத்து வரப்பட்டனர். "ராஞ்சிக்காரர்கள்' என்று ஒட்டுமொத்தமாக அழைக்கப்பட்ட அவர்கள் வெட்டிய மரம்தான் சாத்தம் மர அறுவை ஆலைக்குப் போயிற்று. அவர்கள் திருத்திய நிலத்தில்தான் சாலைகளும் குடியிருப்புகளும் வந்தன. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், காட்டோரத்தில் குடிசை போட்டுத் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நூறாண்டுகளுக்குப் பிறகு கிடைத்திருப்பது "ஆக்கிரமிப்பாளர்' என்கிற பட்டம். ஜார்க்கண்டில் பழங்குடியினராக இருக்கும் அதே சமூகத்தவர் தீவில் அந்தத் தகுதியைப் பெறவில்லை. உழைப்பைப் பெற்றுக்கொண்ட அரசு, உழைத்தவரைப் பதிவு செய்ய மறந்தது.

தமிழர்களின் கதையும் இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர் வாழும் தீவுகளில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. அந்தத் தோட்டத்தை நடத்திய அரசுக் கழகமும் நலிந்து, அதனை மூடுவதற்கு 2017-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிரந்தரம் என்று நம்பப்பட்ட வேலையும் தீவில் எத்தனை எளிதாகக் கரைந்துபோகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தனியார் ஒப்பந்ததாரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தீவு நிர்வாகமே பல்லாயிரம் பேரைத் தினக்கூலி மஸ்தூர்களாக ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. செய்கிற வேலைக்கு உரிய ஊதியமும் அகவிலைப்படியும் கேட்டு அவர்கள் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதற்காக, 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கொல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அந்தமான் அமர்வு, தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தும், துணைநிலை ஆளுநருக்கு ரூ. 5 லட்சம் அபராதம் விதித்தும் உத்தரவிட்டது. மறுநாளே உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தண்டனை சரியா, தவறா என்பது வேறு விவாதம். சட்டத்தை அமல்படுத்த வேண்டிய நிர்வாகமே கூலி நிலுவைக்காகக் கூண்டில் நிற்க நேர்ந்தால், ஒப்பந்ததாரரை அது எந்த முகத்துடன் தட்டிக் கேட்கும் என்பதுதான் நமது கேள்வி.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்கு ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போய்வரும் பயணச் செலவை வேலையளிப்பவர் தர வேண்டும் என்கிறது, பணிப் பாதுகாப்பு தொடர்பான தொகுப்பு. கடல் கடந்து உழைப்பவருக்கு இதைவிட அவசியமான உரிமை இருக்க முடியாது. ஆனால், 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்து தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பு, இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். தீவுகளில் சிறிய கட்டடப் பணிகளை எட்டுப் பேர், ஒன்பது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்த உரிமை அவர்களில் ஒருவரைக்கூட எட்டாது.

இது இன்று அவசரமாகப் பேசப்பட வேண்டியதாவதற்குக் காரணம், கிரேட் நிக்கோபார் திட்டம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று ரூ. 72,000 கோடியில் திட்டமிடப்பட்ட இதற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஷோம்பென், நிக்கோபாரிப் பழங்குடியினரின் வாழ்வுரிமை குறித்தும், 130 சதுர கி.மீ. காடு அழிவது குறித்தும் எழுந்திருக்கும் கேள்விகள் நியாயமானவை. அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய, இதுவரை போதிய கவனம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில், மூன்றரை லட்சம் பேருக்கான நகரத்தைக் கட்டப்போவது யார்? அவர்கள் எங்கே தங்குவார்கள்? விபத்து நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள்? தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்தே (முன்னாள் போர்ட் பிளேர்) மேலும் ஏறத்தாழ 500 கி.மீ. தெற்கே இருக்கிறது அந்தத் தீவு.

நிதி இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலவரியாக வசூலிக்கப்பட வேண்டும் என்பது 1996 முதல் இருந்துவரும் சட்டம். புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. மொத்த மதிப்பீட்டில் பாதிதான் கட்டுமானச் செலவு என்று வைத்துக்கொண்டால்கூட, ரூ. 360 கோடி அந்தத் தொழிலாளர்களின் பணம். நாடு முழுவதும் இந்த வரி வசூலிக்கப்பட்டும் செலவிடப்படாமல் கிடப்பதை 2018 மார்ச் மாதத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தவறு நிக்கோபாரில் மீண்டும் நடக்கக் கூடாது.

பிற மாநிலங்களில் புலம்பெயர் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க முடியவில்லை என்று அதிகாரிகள் கையை விரிப்பதுண்டு. ரயில் நிலையத்தின் பொதுப் பெட்டியில் வந்திறங்குபவரை யார் கணக்கெடுப்பது என்பது அவர்களது வாதம். அந்தமானுக்கு அந்த வாதம் பொருந்தாது. கப்பலானாலும் விமானமானாலும் பெயரும் அடையாள அட்டையும் இல்லாமல் எவரும் அங்கே போய்ச் சேர முடியாது. சென்னைத் துறைமுகத்திலும் ஸ்ரீ விஜயபுரத்தின் ஹட்டோ துறையிலும் தொழிலாளர் துறை ஒரு மேஜையைப் போட்டால் போதும். வேலைக்கு வருகிறவரின் பெயர், அழைத்து வந்த ஒப்பந்ததாரர், பேசிய கூலி, திரும்பும் பயணத்துக்கான பொறுப்பு ஆகிய நான்கையும் அங்கேயே பதிவு செய்துவிடலாம். 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமானோரைப் பதிவு செய்த அரசுக்கு இது பெரிய வேலையல்ல.

அத்துடன், பத்துப் பேர் என்கிற வரம்பைத் தீவுகளுக்காவது தளர்த்த வேண்டும். திரும்பும் பயணச் சீட்டுக்கான தொகையை ஒப்பந்ததாரர் முன்கூட்டியே வைப்புத்தொகையாகச் செலுத்தினால்தான் பணி ஆணை என்று நிபந்தனை விதிக்கலாம். கிரேட் நிக்கோபாரில் முதல் தூண் எழும்புவதற்கு முன்னால், தொழிலாளர் குடியிருப்பும் மருத்துவமனையும் எழும்ப வேண்டும்.

தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதி அது. ஆகவே, மாநில அரசு செய்யவில்லை என்று பழியைத் தட்டிக் கழிக்க தில்லிக்கு வாய்ப்பில்லை. நூறாண்டுகளுக்கு முன்னால் காடு வெட்ட அழைத்து வந்தவர்களை அன்னிய ஆட்சி கணக்கில் வைக்கவில்லை. இன்று நகரம் கட்ட அழைத்துச் செல்லப்படுகிறவர்களை நமது அரசும் கணக்கில் வைக்காமல் போனால், அவர்களது பேரப்பிள்ளைகளும் ஒருநாள் ஆக்கிரமிப்பாளர்கள் என்றே அழைக்கப்படுவார்கள்!