காது சொல்றதுக்கு முன்னாடி ஃபேஸ் சொல்லும்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனா நம்ம ஆளுங்க கேக்குற மொத கேள்வி, "எத்தன வாட்ஸ்?" பெட்டி மேல பி.எம்.பி.ஓ.ன்னு ஆயிரக்கணக்குல ஒரு நம்பர் போட்டிருப்பான். அதுக்கும் நெசமான வாட்ஸுக்கும் சம்பந்தமே கெடையாது. ஃபேஸ் ஷிஃப்ட் எவ்வளவுன்னு யாராவது கேட்டிருக்கோமா? (இது டம் டம் 'பேஸ்' இல்ல மக்கா, 'ஃபேஸ்' :-)) உள்ள போற அலையும் ஸ்பீக்கருக்கு வர்ற அலையும் எவ்வளவு முன்னபின்ன நகர்ந்திருக்குங்கிற கணக்கு அது. ஒரு முழு அலைக்கு 360 டிகிரி.

"அதெல்லாம் காதுக்குத் தெரியாதுவே"ன்னு சொல்வாங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863லயே கிட்டத்தட்ட இதத்தான் சொன்னார். அஞ்சு பத்து டிகிரிக்கு பாட்டு கெட்டுப்போகாது, ஒத்துக்கறேன். 'ஜீரோ ஃபேஸ் ஷிஃப்ட்'னு சொல்லி காசு புடுங்குறவங்கள நானும் நம்ப மாட்டேன். ஆனா கேக்குறதுக்காக இல்ல, கண்டுபிடிக்கறதுக்காக ஃபேஸை அளக்கணும்ங்கறதுதான் என் கட்சி.

கணக்கு பாருங்க. ஒற்றை சப்ளையில ஓடுற டிடிஏ 2030 செட்டுல ஸ்பீக்கருக்கு முன்னால ஒரு கெபாசிட்டர் இருக்கும். 1000 மைக்ரோஃபாரட், 8 ஓம் லோடுன்னா 20 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் கொறையும். வருஷக்கணக்கா சூட்டுல காஞ்சு அது 500 ஆயிடுச்சுன்னு வைங்க. 200 ஹெர்ட்ஸ்ல அளந்தா சத்தத்துல வித்தியாசம் வெறும் 0.13 டெசிபல். சாதா மீட்டர்ல பிடிபடாது. ஆனா ஃபேஸ் 5.7 டிகிரியிலேர்ந்து 11.3 டிகிரிக்குப் போயிடும். அப்படியே டபுள்!

அளக்க லட்ச ரூபா மெஷின் வேணாம். ஸ்பீக்கரைக் கழட்டிட்டு தாங்குற வாட்ஸ்ல ஒரு 8 ஓம் ரெசிஸ்டர். 200 ஹெர்ட்ஸ் சைன் அலை. ஸ்டீரியோ லைன்-இன் உள்ள சவுண்ட் கார்டுல ஒரு சேனலுக்கு ஆம்ப் இன்புட், இன்னொண்ணுக்கு அவுட்புட். அவுட்புட்டை ரெண்டு ரெசிஸ்டர் போட்டுக் கொறைச்சுத்தான் குடுக்கணும். 20 வாட்னாலே 12.6 வோல்ட், கார்டு காலி. பிரிட்ஜ் ஆம்ப்ல இதச் செய்யாதீங்க, அதுல ஸ்பீக்கரோட ரெண்டு வயரும் கிரவுண்டு கெடையாது. 96 கிலோஹெர்ட்ஸ்ல பதிஞ்சு ஆடாசிட்டில பெருசாக்கிப் பாத்தா, நல்ல கெபாசிட்டருக்கு 0.08 மில்லி செகண்ட் நகர்வு, காஞ்சதுக்கு 0.16. அவுட்புட் முந்தி வர்ற மாதிரி தெரியும், பயப்படாதீங்க, கெபாசிட்டர் குணம் அது. உள்ள இருக்கற மத்த கெபாசிட்டரும் கொஞ்சம் சேர்க்கும். அதனால லெஃப்ட்டையும் ரைட்டையும் தனித்தனியா அளந்து ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா திருடன் அந்தப் பக்கம்.

நம்ம பக்கம் கொடைன்னா மைக் செட்டு ராத்திரி பூரா ஓடும். வில்லுப்பாட்டு குடத்தோட அடிநாதம் மெலிஞ்சாத்தான் "செட்டு பழசாச்சு"ன்னு புதுசுக்கு அலையுறோம். ஒரு கெபாசிட்டர் போதும்ங்கறத ஃபேஸ் அதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லியிருக்கும். ரிப்பேர் கடைங்க இதப் பழக்கமாக்கிக்கிட்டா எத்தனையோ நல்ல செட்டு குப்பைக்குப் போகாது.