கல்லீரல் என்றாலே குடியா?

பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ளவரின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரலிலும் கட்டிகள் என்று எழுதி வந்துவிட்டால், வீட்டில் விசாரணை தொடங்கிவிடுகிறது. ஆணாக இருந்தால் முதல் கேள்வி குடியைப் பற்றி. பெண்ணாக இருந்தால் ஹோட்டல் சாப்பாடு, எண்ணெய்ப் பலகாரம், ராத்திரிக் கண்விழிப்பு, உடம்புச் சூடு என்று குற்றப்பட்டியல் நீளும். கல்லீரலுக்கு எது வந்தாலும் அவரவர் நடத்தையால் வந்தது என்ற நம்பிக்கை படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரிடமும் வேரோடியிருக்கிறது. இந்த நோயைப் பொறுத்தவரை அது முழுத் தவறு. ஒருவர்மேல் வீண்பழி போடுவதோடு அது நிற்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்விகளையும் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஏ.டி.பி.கே.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த நோய்க்குக் காரணம், பெரும்பாலும் பி.கே.டி.1 அல்லது பி.கே.டி.2 மரபணுவில் உள்ள பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சிறுநீரகத்தில் இருக்கும் அதே பழுது கல்லீரலிலும் இருக்கிறது. அங்கே பித்தநீரைக் கொண்டுபோகும் நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, குழாயிலிருந்து பிரிந்து, தனித்தனிப் பைகளாகி, உள்ளே நீரைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. மது தாக்குவதோ கல்லீரலின் வேலைசெய்யும் செல்களை. கொழுப்பு படிவதும், வீங்குவதும், தழும்பேறி இறுகுவதும் அந்தச் செல்கள் உள்ள திசுவில்தான். குடி கல்லீரலைக் கெடுக்காது என்று நான் வாதாடவில்லை. கெடுக்கும், கொல்லவும் செய்யும். ஆனால் இந்தக் கட்டிகளை உண்டாக்கியது குடி இல்லை.

அமெரிக்காவில் க்ரிஸ்ப் என்ற பெயரில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுக் குழு, 230 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. 15 முதல் 24 வயதுக்காரர்களில் 58 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கட்டிகள் இருந்தன. 25 முதல் 34 வரை 85 சதவீதம். 35 முதல் 46 வரை 94 சதவீதம். நாற்பது வயதில் கல்லீரல் சுத்தமாக இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தொடங்கிவிடும் ஒன்றுக்கு, அப்பாவின் பாட்டிலிலும் அம்மாவின் வடைச்சட்டியிலும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கட்டிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கல்லீரல் பெருத்து வயிற்றை அடைத்து, நாலு வாய் சாப்பிடுவதற்குள் நிறைந்துபோய், குனிந்து எழ முடியாமல் மூச்சு முட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். காரணம் ஈஸ்ட்ரோஜன். கட்டிகளின் உட்சுவர் செல்கள் அந்த ஹார்மோனை ஏற்று அதனால் தூண்டப்பட்டு வளர்கின்றன. கொலராடோவில் பாட்ரீசியா கேபோவின் குழு 1990-லேயே வயது, பெண்பால், கர்ப்பங்கள், சிறுநீரக நோயின் தீவிரம் ஆகியவற்றோடு இந்தக் கட்டிகளுக்குள்ள தொடர்பை எழுதியது. 1997-ல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட பெண்களின் கல்லீரல் ஒரே ஆண்டில் சராசரியாக 7 சதவீதம் பெருத்தது, எடுக்காதவர்களுக்குப் பெருக்கவில்லை.

குடிப்பீர்களா என்று கேட்டு முடித்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதில்லை. சினைப்பை நீர்க்கட்டிக்காகவும் மாதவிடாய் ஒழுங்குக்காகவும் எத்தனையோ பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் எழுதித் தரப்படுகின்றன. எழுதித் தரும் மகளிர் மருத்துவருக்கு அவள் குடும்பத்தின் சிறுநீரக நோய் தெரியாது. சிறுநீரக மருத்துவருக்கு இந்த மாத்திரை தெரியாது. அவளுக்கோ இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மரபணுவையும் வயதையும் யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாக இருக்கும் மிகச் சிலவற்றில் இந்த மாத்திரை ஒன்று. ஹார்மோனே இல்லாத காப்பர்-டி நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

கர்ப்பத்தோடு உள்ள தொடர்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பெற்றதால்தான் உனக்கு இந்தக் கதி என்று அவளிடம் சொல்லக் கிளம்புவோர் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளட்டும். கர்ப்பம் கட்டிகளை உண்டாக்குவதில்லை, இருப்பதை வளர்க்கக்கூடும். எத்தனை பிள்ளை, எப்போது என்பது அவளும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது.

கல்லீரல் போய்விட்டது என்ற அலறலும் இதே நம்பிக்கையின் பிள்ளைதான். கட்டிகள் எவ்வளவு நிறைந்தாலும் அவற்றுக்கிடையே உள்ள திசு பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. காமாலை வருவது அபூர்வம். அப்படியிருக்க, கீழாநெல்லிச் சாற்றையும் கட்டி கரைக்கும் சூரணத்தையும் தேடி அலைகிறார்கள். எந்த இலையும் இந்தப் பைகளைக் கரைத்ததாக நிரூபணமில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து, ஏற்கெனவே தளர்ந்துவரும் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடும். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. மிகவும் பெருத்தவர்களுக்கு லான்ரியோடைட், ஆக்ட்ரியோடைட் ஊசிகள் அளவைச் சற்றுக் குறைக்கின்றன. பெரிய கட்டியிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கலாம். அறுவை சிகிச்சையும், கடைசியில் கல்லீரல் மாற்றும் உண்டு. காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் கட்டியில் கிருமி புகுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடத்தையைத் தேடும் இந்தப் பழக்கத்தால் அதிகம் ஏமாறுகிறவள் வீட்டிலுள்ள அக்காவோ தங்கையோதான். தம்பிக்குக் கட்டி வந்தது, அவன் குடித்தான், கதை முடிந்தது என்று குடும்பம் இருந்துவிடுகிறது. அவளுக்கும் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அவள் குடிப்பதில்லை, ஆகவே அவளுக்கு யாரும் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பதில்லை, ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. மாதாமாதம் வாங்கும் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்ப்பதில்லை.