பின்னி மில்: முதல்ல துணி, அப்புறம் ஃபைட் சீன், இப்போ பிளாட். தொழிலாளிக்கு என்ன?



பெரம்பூர் பக்கமே போகாதவங்க கூட பின்னி மில்லைப் பார்த்திருப்பீங்க. செங்கல் சுவர், துருப்பிடிச்ச இரும்புத் தூண், ஓட்டை விழுந்த கூரை. அதுக்கு நடுவுல ஹீரோ பத்து பேரைத் தூக்கி அடிப்பார். எத்தனையோ தமிழ்ப் படங்களோட கிளைமாக்ஸ் அங்கதான் எடுத்தாங்க.

ஆனா அந்த இடத்தில் நிஜமாவே ஒரு சண்டை நடந்தது. அதுல அடி வாங்கினது வில்லன் இல்ல, நம்ம தாத்தாக்கள்.

பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் ரெண்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. 1920ல் ஒரே கம்பெனி ஆச்சு. இங்க நெய்த காக்கித் துணி நாடு முழுக்கப் போனது. நெய்தவனுக்கு மதியம் நிதானமா உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கிடையாது. 1918 ஏப்ரல் 27ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். தலைவர் பி.பி. வாடியா. கூட நின்றவர்கள் திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு.

நிர்வாகம் கோர்ட்டுக்குப் போச்சு. சங்கத் தலைவர்களுக்கு எதிரா 1920ல் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. சங்கம் வைக்கிறதே சட்டப்படி குத்தம் ஆயிடுமோங்கிற நிலைமை. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரைக்கும் போனது. 1921ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போச்சு. தொழிலாளியையே சாதியா பிரிச்சு மோதவிட்டதில் புளியந்தோப்பு குடிசைகள் எரிஞ்சது. இன்னைக்கு நீங்க எந்தக் கம்பெனியில் சங்கம் வச்சாலும், அதுக்குப் பின்னாடி இந்த மில் கேட் இருக்கு.

1996ல் மில் மூடியாச்சு. அப்புறம் கன்டெய்னர் யார்டு, குடோன், ஷூட்டிங் ஸ்பாட். இப்போ அங்க அடுக்குமாடி.

பழைய கட்டடம் அப்படியே நிக்கணும்னு நாம அழல. ஊருக்கு வீடு வேணும், பில்டிங் வரட்டும். நம்ம கேள்வி வேற. அந்த இடத்தோட பயன்பாடு ஒவ்வொரு தடவை மாறும்போதும் யாரோ ஒருத்தருக்கு லாபம் வந்தது. உழைச்ச குடும்பத்துக்கு எந்தத் தடவை வந்தது?

உடனே கமெண்ட்ல ஒருத்தர் வருவார்: "தனியார் நிலம் ப்ரோ. அவங்க வித்தா உங்களுக்கு என்ன?"

சரி, கணக்குப் போடுவோம். மாஸ்டர் பிளானில் "தொழிற்சாலை" என்று இருக்கிற நிலத்தில் இஷ்டத்துக்கு அபார்ட்மெண்ட் கட்ட முடியாது. "குடியிருப்பு"ன்னு வகைமாற்றம் செய்யணும். அதுக்கு அரசாங்கத்தோட கையெழுத்து வேணும். அந்த ஒரே கையெழுத்தில் நிலத்தோட விலை எகிறும். மண்ணு அதே மண்ணு, ஓனரும் அதே ஓனர். விலையை ஏத்தினது மக்கள் கொடுத்த அதிகாரம். அப்போ அந்த லாபத்தில் மக்களுக்குப் பங்கு கேட்டா அது பிச்சையா? உரிமை!

இன்னைக்கு விதி என்ன? 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை இருந்தா 10 சதவீதம் திறந்தவெளி விடணும். பொட்டல் காட்டுக்கும் இதே விதி, நூறு வருஷம் உழைப்பை உறிஞ்சின மில்லுக்கும் இதே விதி. இது நியாயமா?

மும்பையைப் பாருங்க. அங்கயும் நகரத்துக்கு நடுவுல வரிசையா மில்கள் மூடின. 1991ல் ஒரு விதி வந்தது: மில் நிலத்தில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம்தான் ஓனருக்கு. நல்ல விதி. 2001ல் அதைத் திருத்தினாங்க. கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் பங்குன்னு ஆக்கிட்டாங்க. மில்லுன்னா நிலம் முழுக்க ஷெட்டுதானே? பங்கு சுருங்கிப் போச்சு. 2006ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. விதியில் ஒரு வரி மாறினா ஒரு நகரத்தோட பூங்காவே காணாம போகும், தோழர்களே.

பெரம்பூரில் பஸ் போயிடுச்சு. கோவையில் இன்னும் போகல. பங்கஜா, முருகன், கம்போடியா, ரங்கவிலாஸ் - ஒன்றிய அரசின் தேசிய பஞ்சாலைக் கழக மில்கள். 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தினது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஓடல. முதல் கோரிக்கை, மில்லை ஓட்டு. ஓட்ட மாட்டேன்னா, நிலத்தை ஏலக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி எங்களுக்குப் பதில் சொல்லு.

நாம கேட்கிறது மூணே மூணு:

1. மூடிய மில் நிலத்தை வகைமாற்றம் செய்தா மூணில் ஒரு பங்கு பொதுவுக்கு: தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு, பூங்கா, ஐ.டி.ஐ.

2. ஷெட்டு, குடோன் எல்லாம் சேர்த்து மொத்த நிலத்துக்கும் கணக்கு. மும்பை ஓட்டை இங்க வேண்டாம்.

3. தொழிலாளர் பாக்கி முழுசா தீராம ஒரு செங்கலையும் இடிக்கக் கூடாது.

இது எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. உங்க ஊர்ல மூடிக் கிடக்கிற மில் எது? பேரை கமெண்ட்ல போடுங்க. அங்க வேலை பார்த்த பெரியவங்க வீட்ல இருந்தா, அவங்களுக்கு இன்னும் என்ன பாக்கி வரணும்னு கேட்டு எழுதுங்க. பட்டியலோட போய்க் கேட்போம்.

மில்லை ஓட்டினவன் கேட்டுக்கு வெளிய, கையெழுத்து வாங்கினவன் பென்ட்ஹவுஸ்ல. இதுக்குப் பேரு வளர்ச்சி இல்ல.

#மில்நிலம்_மக்கள்நிலம்
#உழைத்தவனுக்குப்_பங்கு