முதியவரும் மோட்டார் சைக்கிளும்

வயது ஏற ஏற மனிதனின் கைகளுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. அலுவலகம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறது. பிள்ளைகள் தத்தம் குடும்பத்தோடு தனித்து வாழத் தொடங்குகின்றனர். "நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள், அப்பா" என்னும் அன்பான சொல்லே நாளடைவில் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. அந்நிலையில் முதியவர் ஒருவர் பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டோ, துருப்பிடித்த வண்டியைத் துடைத்துக்கொண்டோ பொழுதைக் கழித்தால், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டார் சிரிக்கின்றனர். இச்சிரிப்பு நியாயமானதுதானா? முதுமையில் மனிதனுக்கு ஓர் ஈடுபாடு தேவையா? தேவையெனில் அதற்கு எல்லை எது? இவ்வினாக்களை இம்மாதம் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய விழைகிறோம்.

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்றொரு நகரம் உண்டு. அதனருகே 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், உழவர் குடும்பமொன்றில் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அவரை பர்ட் மன்றோ என்றே அறிந்தது. அவரோடு இரட்டையாகப் பிறந்த சகோதரி பிறப்பிலேயே இறந்துபோனாள். இக்குழந்தையும் இரண்டு வயதைத் தாண்டாது என மருத்துவர்கள் கூறினராம். அக்குழந்தையோ எழுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தது!

1920ஆம் ஆண்டு, தமது இருபத்தோராம் வயதில், மன்றோ ஒரு புதிய மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதன் பெயர் 'இந்தியன் ஸ்கௌட்'. பெயரைக் கண்டு அது நம் நாட்டு வண்டியென வாசகர்கள் மயங்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவான வண்டி அது. அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. இரட்டைச் சிலிண்டர் கொண்ட 600 சி.சி. இஞ்சின், மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வேகம். அக்காலத்துக்கு அது நல்ல வண்டிதான். பிறர் அத்தகைய வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டுவர். பின்னர் விற்றுவிட்டுப் புதியது வாங்குவர். மன்றோ விற்கவில்லை. 1926இல் அதன் இஞ்சினைத் திருத்தியமைக்கத் தொடங்கினார். சாகும் தறுவாய் மட்டும் அவ்வேலை ஓயவில்லை.

அவர் செல்வரல்லர். மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் கூலிக்கு உழைத்தவர். பகலில் பிறருடைய வண்டிகள். இரவில் தம்முடைய வண்டி. இரவெல்லாம் பட்டறையில் விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் அப்படியே வேலைக்குப் புறப்பட்ட நாட்கள் பல. கடையில் உதிரிப் பாகங்கள் வாங்கப் பணமில்லை. அவர் வேண்டிய பாகங்கள் எக்கடையிலும் விற்கப்படவும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாகக் கொண்டு, உலோகத்தை உருக்கி ஊற்றி, பிஸ்டன்களை வார்த்தார். டிராக்டரின் அச்சுத் தண்டிலிருந்து கனெக்டிங் ராடுகளைச் செதுக்கியெடுத்தார். மயிரிழையளவு நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவிக்குப் பதிலாகச் சக்கரத்தின் பழைய ஸ்போக் கம்பி ஒன்றே அவருக்குப் பயன்பட்டது. வால்வுகளை இயக்கும் அமைப்பையே மாற்றி, அவை சிலிண்டரின் தலைப்பகுதியில் அமையுமாறு செய்தார். 600 சி.சி. இஞ்சின் காலப்போக்கில் 950 சி.சி. ஆக வளர்ந்தது.

இதன் அருமையை உணர ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு அதே அளவில் கூடுவதில்லை. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வென்று முன்செல்ல இஞ்சின் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. 55 மைல் ஓடிய வண்டி 184 மைல் ஓட வேண்டுமானால் வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான். ஆனால் வண்டியின் உருவம் மாறாதிருந்தால், அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 37 மடங்கு! ஆகவேதான் மன்றோ இஞ்சினை வலுப்படுத்தியதோடு நில்லாமல், காற்றைக் கிழித்துச் செல்லும் மீன் போன்ற மேற்கூடு ஒன்றையும் செய்து வண்டியை மூடினார்; அதனுள் ஏறத்தாழக் குப்புறப் படுத்தவாறே ஓட்டினார்.

வேலை எளிதில் கைகூடியதென எண்ண வேண்டாம். வார்த்த பிஸ்டன்கள் உருகின, ராடுகள் முறிந்தன, மாதக்கணக்கில் செய்த இஞ்சின் சில நொடிகளில் வெடித்துச் சிதறியதும் உண்டு. அவரும் பலமுறை விழுந்து காயமுற்றார். உடைந்த பாகங்களை அவர் குப்பையில் எறியவில்லை. பட்டறையில் ஓர் அலமாரித் தட்டில் அவற்றை வரிசையாக வைத்து, 'வேகத் தெய்வத்துக்குக் காணிக்கைகள்' என்று எழுதிவைத்தார். இல்லாத ஒரு தெய்வத்தின் பெயரால் எழுதிய வேடிக்கை இது. நாமும் அவ்வாறே கொள்வோம். ஆயினும் வேடிக்கைக்குப் பின்னே ஒரு படிப்பினை உண்டு. நம்மில் பெரும்பாலோர் தோல்விகளை ஒளித்துவைத்து வெற்றிகளையே கூடத்தில் மாட்டிவைக்கிறோம். அவரோ தோல்விகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டார். எது ஏன் உடைந்தது என்று நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பாடம் கற்றார்.

நகரத்துக்கு அருகே ஓரேட்டி என்னும் நீண்ட கடற்கரை உண்டு. கெட்டியான மணற்பரப்பு அது. அதுவே அவருடைய சோதனைக் களம். 1957ஆம் ஆண்டு, ஐம்பத்தேழு வயதில், அக்கடற்கரையில் மணிக்கு 131 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டித் தம் நாட்டின் சாதனையை நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நெஞ்சுவலி நோயும் அவரைப் பற்றியது. வேறொருவராயின் அதோடு ஓய்ந்திருப்பார். மன்றோவின் கனவோ கடல் கடந்து சென்றது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்றோர் உப்புவெளி இருக்கிறது. பன்னெடுங்காலத்துக்கு முன் அங்கிருந்த பேரேரி வற்றிப்போக, எஞ்சிய உப்பு கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைவெளேரென்று சமதரையாகப் படிந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 அடி உயரம். அதிவேக வண்டிகளைச் சோதிப்போருக்கு அது ஒரு தலைநகரம் போன்றது. மன்றோ அங்கு மொத்தம் பத்து முறை சென்றார். முதன்முறை பார்வையாளராக மட்டும். அடுத்த ஒன்பது முறையும் போட்டியாளராகச் சென்று மூன்று உலக சாதனைகளை நிகழ்த்தினார். 1962இல், 63 வயதில், மணிக்கு 178.95 மைல். 1966இல் வேறொரு பிரிவில் 168.07 மைல். 1967இல், 68ஆம் வயதில், 1000 சி.சி. பிரிவில் 183.59 மைல். போவது ஒரு முறை, வருவது ஒரு முறை என இருதிசையிலும் ஓட்டி, இரண்டின் சராசரியையே சாதனையாகக் கொள்வது அங்குள்ள விதி. அவர் ஓட்டியது 47 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அதே இந்தியன் வண்டி என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

2005இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் வாயிலாக இவ்வரலாறு உலகெங்கும் பரவியது. புகழ்பெற்ற நடிகர் ஆந்தனி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்தார். திரைப்படம் பல ஆண்டுப் பயணங்களை ஒன்றாகச் சுருக்கி, ஒரே பயணத்தில் எல்லாம் நடந்ததுபோல் காட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் கதை சொல்ல வேண்டியவர்களுக்கு அது தேவையாயிருக்கலாம். உண்மை அதைவிட மெதுவானது. அதனாலேயே அதைவிடப் பெரியது. நாற்பதாண்டுக்கால மாலைப்பொழுதுகளைத் திரையில் காட்ட முடியுமா?

இதுகாறும் கூறியது அவ்வாழ்க்கையின் ஒரு பக்கம். குடும்பத்தினர் படிக்கும் இப்பக்கத்தில் மறுபக்கத்தை மறைப்பது முறையன்று.

மன்றோ 1927இல் திருமணம் செய்துகொண்டார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1947இல் அத்திருமணம் மணமுறிவில் முடிந்தது. கணவன் மனைவிக்கு இடையே நேர்ந்தவற்றை வெளியிலிருந்து தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை; அறிந்ததுபோல் பேசுவது பாவமுமாகும். ஆயினும் மணிக்கணக்கை மட்டும் எண்ணிப் பார்க்கலாம் அன்றோ? பகல் முழுதும் பிழைப்பு; இரவு முழுதும் பட்டறை. பின்னாளில் வேலையை விட்டுவிட்டு வண்டிகளே கதியென்று இருந்த காலத்தில், பத்தாண்டுகள் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் உழைத்ததாகவும், கிறிஸ்து பிறப்பு விழாவன்று பிற்பகல் மட்டுமே ஓய்வெடுத்ததாகவும் அவரே கூறியிருக்கிறார். அவருடைய படுக்கையும் பட்டறைக்குள்ளேயே அமைந்தது. ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமே இருக்க, ஓர் இயந்திரம் அவ்வளவையும் விழுங்கிவிட்டால், மனிதர்களுக்கு எது மிஞ்சும்?

அந்த அலமாரித் தட்டில் உருகிய பிஸ்டனுக்கு இடமிருந்தது. முறிந்த ராடுக்கு இடமிருந்தது. பேசாமல் போன மாலைப்பொழுதுகளுக்கும், பகிர்ந்துண்ணாத உணவுகளுக்கும் அதில் இடமில்லை. அவை உடையும்போது ஓசை கேட்பதில்லை. கையிலெடுத்துக் காட்டவும் இயலாது. ஈடுபாடு என்பது நெருப்பைப் போன்றது. அடுப்பில் இருந்தால் வீட்டுக்கே உணவு. கூரையில் ஏறினால் வீடே இல்லை.

எனவே முதியோரின் ஈடுபாடுகளைப் பற்றி இரு தரப்பாருக்கும் கூற ஒரு வார்த்தை உண்டு.

வீட்டாருக்குச் சொல்கிறோம்: உங்கள் தந்தையோ பாட்டனாரோ பழைய வண்டியின் முன் அமர்ந்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தால், தரையில் எண்ணெய்க்கறை படிகிறதென்று கடிந்துகொள்ளாதீர்கள். அவருடைய கைகள் இன்னும் தேவைப்படுகின்றன என்று அவருக்குச் சொல்வது அந்த வண்டி ஒன்றுதான் போலும். "இன்றைக்கு எதைப் பிரித்தீர்கள்?" என்று கேட்டு அருகே சற்று அமருங்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும் பேரன், எப்பள்ளியிலும் கற்க முடியாத பொறுமையைக் கற்பான்.

முதியோருக்கும் சொல்கிறோம்: எவரும் 68 வயதில் 180 மைல் வேகத்தில் பறக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று; மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். மன்றோவிடம் நாம் பெறத்தக்கது வேகமன்று. உடைந்ததை மீண்டும் செய்யும் மனவுறுதி. ஆனால் பட்டறைக் கதவைத் திறந்தே வையுங்கள். வண்டியைப் பற்றி அறியாத மனைவியும் உள்ளே வந்து அமர்ந்து பேச ஒரு நாற்காலி அங்கே கிடக்கட்டும். உணவுக்கு அழைத்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வாருங்கள். இஞ்சின் நாளைக்கும் காத்திருக்கும்.

1977இல் மன்றோவைப் பக்கவாதம் தாக்கியது. இனி ஓட்ட இயலாதென உணர்ந்து, தம் வண்டிகளைத் தம் வட்டாரத்திலேயே வைத்துக் காப்பார் என நம்பிய உள்ளூர் வணிகர் ஒருவருக்கு விற்றார். 1978 ஜனவரி 6ஆம் நாள் மறைந்தார். அவருடைய இந்தியன் வண்டி இன்வர்கார்கில் நகரத்து இரும்புச் சாமான் கடை ஒன்றிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆணியும் திருகும் வாங்க வருவோரும் அதனைக் கண்டு செல்லலாயினர்.

அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்போம். 1967ஆம் ஆண்டுச் சாதனைக்குரிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகன், இருதிசை வேகங்களின் சராசரியைக் கணக்கிட்டதில் அன்று பிழை நேர்ந்திருப்பதைக் கண்டார். அதனை அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். சங்கமும் கணக்கைச் சரிபார்த்து, 2014இல் சாதனையை 184.087 மைல் எனத் திருத்தியது. வித்தியாசம் அரை மைல் மட்டுமே! தந்தையின் இரவுகளையெல்லாம் பட்டறை எடுத்துக்கொண்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, தந்தைக்குச் சேரவேண்டிய அந்த அரை மைலையும் விட்டுவிடாமல் பெற்றுத் தந்தார். பிள்ளைகளின் மனம் நாம் எண்ணுவதைவிடப் பெரியது. பெற்றோர் தம் வாழ்நாளிலேயே அந்த மனத்துக்கு அருகில் சற்று அமர்ந்திருந்தால், இரு தலைமுறைக்கும் அதைவிட நிறைவு வேறென்ன வேண்டும்?