சாலோவும் ஸ்ரீபெரும்புதூரும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவின் வடகோடிக்கு, ஃபின்லாந்துக்குப் போக வேண்டும். என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நோக்கியாதான்.

முதலில் ஃபின்லாந்து. மக்கள்தொகை சுமார் 56 லட்சம். சென்னையையும் புறநகரையும் சேர்த்தால் அதைவிட அதிகம் வரும். மரமும் காகிதமும்தான் அங்கே பழைய தொழில். 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சோவியத் யூனியனுக்குப் போனது. 1991ல் சோவியத் உடைந்தது. உள்ளூர் வங்கி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1994ல் வேலையில்லாதோர் 16 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

அந்தக் குழியிலிருந்து நாட்டைத் தூக்கிவிட்டதில் பெரும்பங்கு நோக்கியாவுக்கு. 2000ல் ஃபின்லாந்தின் மொத்த உற்பத்தியில் சுமார் 4 சதவீதமும், ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கும் அந்த ஒரே கம்பெனியுடையது. ஒரு வாடிக்கையாளரை நம்பி அடிபட்ட நாடு, அடுத்து ஒரு கம்பெனியை நம்பியது!

இப்போது நம்மூர்ப் பக்கம். 2005ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006ல் ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். கம்பெனி பஸ், பி.எஃப்., மாதச் சம்பளம். தறிக்குழியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்து, கூலிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் தறியை விட்டுப் போனதில் தப்பே இல்லை.

பிறகு வந்தது வரிச் சிக்கல். ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்திடமிருந்து வாங்கிய மென்பொருளுக்குக் கொடுத்த பணம் ராயல்டியா, பொருளின் விலையா? ராயல்டி என்றால் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. மாநில அரசும் தன் பங்குக்கு 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, இந்த ஆலையைச் சேர்க்க முடியவில்லை. 2014 நவம்பர் 1ல் ஆலை மூடப்பட்டது. மத்திய வரித் தகராறோ 2018ல் இரு நாடுகளும் பேசித் தீர்த்ததில் முடிந்தது. வேலை போய் நாலு வருஷம் கழித்து!

வரி கேட்டதே தவறு என்பது சரியல்ல. சலுகை வாங்கிய கம்பெனி வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் எதற்கு எவ்வளவு வரி என்பதை ஆலை வருமுன்பே தெளிவாக எழுதி வைக்காதது யார் குற்றம்? மேலும், ஸ்மார்ட்போன் பந்தயத்தில் நோக்கியா ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. வரிப் பிரச்சனை இல்லாவிட்டாலும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்பது சந்தேகமே.

ஃபின்லாந்திலேயே சாலோ என்ற ஊரில் நோக்கியா ஆலை 2012ல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை இழந்தவர்களுக்கு வேலையின்மைப் படி இருந்தது. மறுபயிற்சிக்கும் புதுத் தொழில் தொடங்கவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் வந்தது. அப்படியும் அந்த ஊர் தடுமாறியது. ஸ்ரீபெரும்புதூரில்? விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகை, அவ்வளவுதான். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! ஒரே கம்பெனிதான், ஒரே மாதிரி வீழ்ச்சிதான். வித்தியாசம் கீழே விரித்திருந்த வலையில் இருக்கிறது.

பட்டுத் தொழிலும் பிறரை நம்பித்தான் ஓடுகிறது. நூலுக்குக் கர்நாடகம், ஜரிகைக்கு சூரத். ஆனால் சேலை வாங்குபவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒரு கடை மூடினால் ஊர் மூடாது. கூலி மட்டும் கட்டுப்படியானால் அதைப் போலப் பாதுகாப்பான தொழில் வேறில்லை. அந்த 'மட்டும்'தான் பிரச்சனை.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் கலிஃபோர்னியாவின் ஆப்பிள் ஐபோன்கள் தயாராகி அமெரிக்காவுக்குப் போகின்றன. மீண்டும் இளம்பெண்கள், மீண்டும் பஸ். வரட்டும், நல்லதுதான். ஆனால் அரசு சலுகை கொடுக்கும்போதே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வரி விதிகள் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். ஆலை மூடினால் தொழிலாளிக்கு மறுபயிற்சியும் ஆறு மாதச் சம்பளமும் கிடைக்க, தனி நிதி ஒன்றில் கம்பெனி முதலிலேயே பணம் கட்ட வேண்டும்.

இதைக் கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்பார்கள். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கச் சொல்பவர்கள், அந்தப் பெண்களுக்கு நீச்சலாவது கற்றுக் கொடுக்க வேண்டாமா?