நிச்சயமாகவான்னு கேட்டாப் போதுமா?

மக்களே, சிவகாசி அச்சகத்துல மடல் பெட்டிங்கறது சாட்சிப் பெட்டி. காலண்டர் ப்ரூஃப் அனுப்புவோம், பார்ட்டி "ஓகே, ஓட்டுங்க"ன்னு ஒத்த வரி பதில் போடுவாரு. நாளைக்குக் கடைப் பேருல எழுத்துப்பிழைன்னு சண்டை வந்தா அந்த ஒத்த வரிதான் காப்பாத்தும்.

ஆனைக்குட்டத்துலேர்ந்து பஸ் பிடிச்சுப் போய் நான் வேலை பாக்குற அச்சகத்துல, போன சீசன்ல அந்த ஓகே மடல் போல்டரே மொத்தமாப் போச்சு. அழிச்ச புண்ணியவான் நானேதான். ஒரு விளம்பர மடலை அழிக்கணும்னு டெலீட் தட்டினேன். கர்சர் இருந்ததோ இடது பக்கம், போல்டர் மேல. "நிச்சயமாகவா?"ன்னு கேட்டுச்சு. தினம் அம்பது தடவை கேக்குற கேள்வி, கை தானா என்டர் தட்டிருச்சு. சாயங்காலம் மூடும்போது குப்பைத்தொட்டியும் தானாக் காலி. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பார்ட்டி தகராறு பண்ண, 2000 காலண்டரை எங்க செலவுல திரும்ப ஓட்டினோம் :-(

என் கட்சி இதுதான்: கேள்வி கேட்டு விபத்தைத் தடுக்க முடியாது. எங்க பக்கம் பட்டாசு ஆலை விதியைப் பாருங்க. "ஜாக்கிரதையா இருப்பியா?"ன்னு கேட்டுட்டு விட்டுடல. ஷெட்டுக்கு ஷெட் இடைவெளி, ஒரு அறையில இத்தனை பேருக்கு மேல கூடாதுன்னு வரம்பு. தப்பு நடந்தே தீரும், நடந்தா பரவக்கூடாதுன்னு யோசிச்சுப் போட்ட விதி. மடலுக்கும் அதே இடைவெளிதான் வேணும்.

தண்டர்பேர்டு வச்சிருக்கவங்க மூணு காரியம் பண்ணுங்க. ஒண்ணு, கணக்கு அமைப்புல "வெளியேறும்போது குப்பையைக் காலி செய்" டிக்கை எடுத்துடுங்க. அழிச்ச போல்டர் முதல்ல குப்பைக்குத்தான் போகும், அங்கேருந்து இழுத்துப் போட்டுக்கலாம். ரெண்டு, மடல் படிக்கிறப்ப போல்டர் பட்டியலை மறைச்சு வைங்க. மூணு, வாரம் ஒருக்கா நிரலை மூடிட்டு ப்ரொஃபைல் அடைவை வேற டிஸ்க்குல நகல் எடுங்க. ஐமேப் கணக்குன்னா, மடல் இந்தக் கணினிக்கும் இறங்கியிருக்கான்னு பாத்துட்டு எடுங்க.

"போன்லயும் இருக்கே"ன்னு சொல்லாதீங்க. ஐமேப்ல இங்க அழிச்சா சர்வர்லயும் அழியும், போன்லயும் அழியும். அது ஒரே ஷெட், மூணு வாசல். 2011 பிப்ரவரியில ஜிமெயில்லயே ஒரு மென்பொருள் பிழையால கொஞ்சம் பேரோட மடல் காணாமப் போச்சு. கூகுள் அதை எதுலேர்ந்து மீட்டுச்சு தெரியுமா? தனியா எடுத்து வச்சிருந்த டேப்புலேர்ந்து!

அவங்களுக்கே டேப் தேவைப்பட்டிருக்கு. நம்ம அச்சகத்துக்கு ஒரு பென் டிரைவ் வாங்க ஏன் இவ்வளவு யோசனை?