வாசலுக்கு எதுக்குங்க இவ்வளவு காங்கிரீட்?

ஊர்ப்பக்கம் வீடு கட்டுற பட்டணத்து நண்பர்கள் நிறையப் பேரு, வீட்டு வேலை முடிஞ்சதும் கேட்டுல இருந்து கொல்லைப்புறம் வரைக்கும் ஒரு பிடி மண்ணு தெரியாம காங்கிரீட் போட்டு மூடிடறாங்க. கேட்டா, "சேறு ஆகாது, புல்லு முளைக்காது, காரு நிறுத்தலாம்"ங்கறாங்க.

கணக்குப் பார்ப்போம். 1000 சதுர அடி வாசல்ல ஒரு செ.மீ. மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி. மண் வாசல்னா குடிக்கிற அளவு குடிச்சுட்டுத்தான் மிச்சத்தை வெளிய விடும். காங்கிரீட்னா வந்த தண்ணி அப்படியே தெருவுக்கு ஓடிரும். அப்புறம் அதே வீட்டுல, தண்ணி இல்லைன்னு போரை இன்னும் ஆழமா இறக்குவீங்க!

வாசல்ல நிக்கிற வேப்பமரத்துக்கும் அடிமரம் வரைக்கும் பூசிடறாங்க. வேருக்குத் தண்ணியும் இல்ல, காத்தும் இல்ல. பகல் பூரா வெயிலைக் குடிச்ச தளம் ராத்திரி சூட்டைக் கக்கும்.

நாங்களும் களத்துக்கு காங்கிரீட் போடறோம். நெல்லு காயணும், கல்லு மண்ணு கலக்கக் கூடாது. அங்க அவசியம் இருக்கு. காரு போக, சக்கரத் தடத்துக்கு ரெண்டு பட்டை போதும். நடுவுல புல்லு இருக்கட்டும். உட்கார இடம் வேணும்னா மணல் பரப்பி, இடுக்கு விட்டுக் கருங்கல் பாவுங்க. மரத்தைச் சுத்தி நாலடியாவது விடுங்க.

சேத்துக்குப் பயந்து மண்ணையே மூடறதுன்னா, ஊருக்கு எதுக்குங்க வரணும்?